நுண்ணறிவுப் போக்குவரத்து: நகரங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்திய நகரங்களில் கணினியும் உணர்கருவிகளும் கொண்டு போக்குவரத்தை நடத்தும் நுண்ணறிவுப் போக்குவரத்துத் திட்டம் என்றாலே முதலில் பேசப்படுபவை கேமராக்களும் பெரிய திரைகள் கொண்ட கட்டுப்பாட்டு அறையும்தான். 2015இல் தொடங்கிய பொலிவுறு நகரங்கள் (ஸ்மார்ட் சிட்டி) திட்டத்தில் தேர்வான 100 நகரங்களிலும் அத்தகைய அறைகள் வந்துவிட்டன. ஆனால், திரையில் நெரிசல் தெரிந்ததும் யார், எத்தனை நிமிடத்துக்குள், என்ன செய்ய வேண்டும் என்பதை எழுத்தில் முடிவு செய்யாமல் கருவி வாங்குவதே மற்ற தவறுகளுக்கெல்லாம் மூலம் என்பேன். சிக்னல் காவல்துறையிடமும் சாலை மாநகராட்சியிடமும் பேருந்து அரசுக் கழகத்திடமும் இருக்கும் நகரத்தில் இந்த முடிவு தானாக அமைந்துவிடாது.

சிக்னலில் நடப்பது இன்னும் கவலைக்குரியது. வாகனங்களை எண்ணிப் பச்சை விளக்கின் நேரத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் முறைகளில் புகழ்பெற்ற ஸ்கூட் பிரிட்டனிலும் ஸ்காட்ஸ் சிட்னியிலும் உருவானவை. வாகனங்கள் தடம் பிடித்துச் செல்லும் சாலைகளுக்காக அமைந்தவை. இங்கோ இரு சக்கர வாகனங்கள் கிடைத்த இடைவெளியில் புகுந்து முன்னே வந்து நிற்கும், ஆட்டோ இரண்டு தடங்களுக்கு நடுவில் நிற்கும். மேலே வரும் வாகனத்தை உணரும் கம்பிச் சுருளைத் தடத்துக்கு ஒன்று என்று சாலைக்குள் பதித்தால் எண்ணிக்கை தவறும். அடுத்த முறை சாலையைச் சுரண்டிப் புதுத் தார் போடும்போது கம்பியும் அறுந்துபோகும். கலப்புப் போக்குவரத்தைக் கருத்தில் கொண்டு மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய முறை உள்நாட்டிலேயே இருக்கிறது; வெளிநாட்டு முறையை வாங்குமுன் அதையும் நம் சந்திப்பிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும்.

வாகனங்களின் தாமதத்தை மட்டும் குறைக்கச் சொன்னால், சிக்னலின் மென்பொருள், சாலையைக் கடந்து நடப்பவர்களின் நேரத்தில்தான் கை வைக்கும். 14 மீட்டர் அகலச் சாலையை நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் கடக்க ஏறத்தாழ 12 நொடி ஆகும், 0.8 மீட்டர் வேகத்தில் நடக்கும் முதியவருக்கு 17 நொடியும் போதாது. 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஆகவே, கடக்கும் நேரத்தின் குறைந்தபட்ச அளவை முதியவரின் நடையை வைத்துக் கணக்கிட்டு, மென்பொருள் அதைக் குறைக்க முடியாதபடி நிலைநிறுத்த வேண்டும். அறுபது பேர் செல்லும் பேருந்தையும் ஒருவர் செல்லும் காரையும் சமமாக எண்ணுவதும் இதே வகைத் தவறுதான்.

பேருந்து எங்கே வருகிறது என்று காட்டும் செயலிகள் பெரும்பாலும் பணிமனையில்தான் தோற்கின்றன. ஜிபிஎஸ் கருவிக்குத் தெரிவது வண்டி இருக்கும் இடம் மட்டுமே. அது எந்த வழித்தடத்தில் ஓடுகிறது என்பது காலை ஒதுக்கீட்டுப் பட்டியலில் இருக்கிறது. பழுதான வண்டிக்குப் பதில் வேறு வண்டியை அனுப்பிவிட்டுக் கணினியில் மாற்றாமல் விட்டால், வராத பேருந்தைச் செயலி வருவதாகக் காட்டும். இரண்டு முறை ஏமாந்த பயணி மறுபடி அதைத் திறக்கமாட்டார்.

கண்காணிப்புக் கேமராக்களுக்கு 2021இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ தெளிவான வரம்பு வகுத்திருக்கிறது: கருவிக்கு ஒப்புதல் சான்று வேண்டும், முன்னெச்சரிக்கைப் பலகை வேண்டும், விதிமீறல் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். இவற்றைத் தவறவிட்டால் மக்கள் கேமராவைப் பாதுகாப்புக்கானதாகப் பார்க்கமாட்டார்கள்.

ஒப்பந்தத்தில் பராமரிப்புக்கும் தரவின் உரிமைக்கும் இடம் ஒதுக்காமல் விடுவது கடைசித் தவறு. டெல்லி அரசு 2018இல் தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான ஐஐஐடி டெல்லியுடன் சேர்ந்து பேருந்துத் தரவை எவரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. தரவு ஒப்பந்ததாரரிடமே முடங்கிவிட்டால் இத்தகைய முடிவை எந்த நகரமும் எடுக்க முடியாது.