பேடலில் தற்காப்பு லாப்: பின்சுவரிலிருந்து வலைக்கு வர ஒரு வழி

பேடல் என்பது கண்ணாடிச் சுவர் சூழ்ந்த கோர்ட்டில், இருவர் இருவராக, டென்னிஸ் போல ஆடும் ஆட்டம். பின்கண்ணாடியோடு ஒட்டி நிற்கிறீர்கள், எதிராளிகள் இருவரும் வலையருகே. நடுவில் இருக்கும் இடைவெளியில் பலமாக அடிக்கத்தான் கை பரபரக்கும். வேண்டாம். பந்தைத் தலைக்கு மேலே தூக்கி அவர்களைப் பின்னால் ஓடவிட்டு, நீங்கள் இருவரும் வலையைப் பிடியுங்கள். இப்படி உயரத் தூக்கிப் போடுவதுதான் லாப். அதைப் போடுவதே இந்த இடமாற்றத்துக்காகத்தான்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஷட்டில் ஆடிப் பழகியவர்கள் மணிக்கட்டைச் சுண்டி அடிப்பார்கள். இறகுப்பந்துக்கு அது சரி. பேடல் பந்து கண்டபடி பறந்துவிடும். மணிக்கட்டை இறுக்குங்கள். பந்து கண்ணாடியில் பட்டுத் திரும்பி, தொடைக்கும் முழங்காலுக்கும் நடுவே இறங்கும்வரை பொறுங்கள். முழங்காலை மடக்கி, மட்டையின் முகம் வானம் பார்க்க, உடம்புக்கு முன்னால் வைத்து எடுங்கள். கையை அதிகம் பின்னால் இழுக்காதீர்கள். கால் நிமிரும் வேகமே பந்தைத் தூக்கிவிடும். அடித்த மட்டை தோளுக்கு மேலே போய் நிற்க வேண்டும்.

பந்து விழவேண்டிய இடம், எதிர்ப்பக்கக் கண்ணாடிக்கு 1 முதல் 2 மீட்டர் முன்னால். குட்டையானால் ஸ்மாஷ் வாங்குவீர்கள், அதாவது தலைக்கு மேலிருந்து ஓங்கி அடிப்பார்கள். நீளமாகி, தரையில் படாமல் கண்ணாடியில் பட்டால் பாயிண்ட் அவர்களுக்கு. கோர்ட் 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். மூலைக்கு மூலை 22 மீட்டருக்கு மேல் வரும். அதனால் புதிதாக ஆடுபவர்கள் குறுக்காகவே போடுங்கள். இடப்பக்கத்திலிருந்து குறுக்கே போட்டால், வலக்கை ஆட்டக்காரருக்குப் பின்கை (பேக்ஹேண்ட்) மூலையில் விழும். அங்கிருந்து திருப்பி அடிப்பது கஷ்டம்.

எதிராளி திரும்பி ஓடினால் மட்டும் முன்னேறுங்கள், வலைக்கு 2, 3 மீட்டர் வரை, இருவரும் சேர்ந்தே. நின்ற இடத்திலேயே மட்டையை உயர்த்திவிட்டாரா? லாப் குட்டை. உடனே பின்வாங்குங்கள்.

நம் ஊர் சித்திரை வெயிலை மறக்கக்கூடாது. சூட்டில் பந்து துள்ளும். காலை 7 மணிக்கு அளவாக விழுந்த லாப், மாலை 4 மணிக்குக் கண்ணாடியில் போய் மோதும். வெயில் ஏற ஏற வீச்சைக் குறைத்து, உயரத்தைக் கூட்டுங்கள்.

பேடல் கோர்ட் கைவசம் இல்லையென்றால் டென்னிஸ் கோர்ட் போதும். பின்கோடு வலையிலிருந்து 11.89 மீட்டர். வலையிலிருந்து 8 மீட்டரிலும் 10 மீட்டரிலும் சுண்ணாம்புக் கோடு போடுங்கள்; 10 மீட்டர் கோடுதான் பேடலின் பின்கண்ணாடி. வலைக்கு அப்பால் 3 மீட்டரில் இரண்டு சவுக்குக் கம்பு நட்டு, 5 மீட்டர் உயரத்தில் கயிறு கட்டுங்கள். இந்தப் பக்கம் 10 மீட்டர் தள்ளி நின்று, ஒருவர் கையால் போடும் பந்தைக் கயிற்றுக்கு மேலே தூக்குங்கள். 20 பந்தில் 12 அந்தக் கோடுகளுக்குள் விழும்வரை, ஆட்டத்தில் குறுக்கே போடாமல் நேர் எதிரே போடும் லாப் பக்கம் போகவேண்டாம்.