அமெரிக்க ராணுவ கான்ட்ராக்ட்டில் யாருக்கு யார் வேண்டியவர்: தேதியை வைத்துப் பிடிப்பது எப்படி

பென்டகன் ஒரு கம்பெனிக்குப் பெரிய ஆர்டர் கொடுத்ததும், "அங்கே இருக்கிற அதிகாரி முன்னாடி இந்தக் கம்பெனி ஆள்தானே" என்று யாராவது கிளப்பிவிடுவார்கள். அது உண்மையாகவே இருந்தாலும் அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. போர் விமானமும் ஏவுகணையும் செய்யத் தெரிந்த பெரிய கம்பெனிகள் அங்கே விரல்விட்டு எண்ணக்கூடியவை, விஷயம் தெரிந்த ஆட்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறிக்கொண்டேதான் இருப்பார்கள். நாம் பார்க்க வேண்டியது தேதி. அவர் அந்தக் கம்பெனி விஷயத்தில் முடிவெடுத்த நாட்களும், அதே கம்பெனியிடமிருந்து அவருக்கோ அவர் வீட்டாருக்கோ ஆதாயம் வந்த, அல்லது வரவிருந்த, நாட்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா என்பதுதான் கேள்வி.

டார்லீன் ட்ரூயன் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விமானப்படையின் கொள்முதலில் உச்சத்தில் இருந்த அதிகாரி. போயிங்கிடம் 100 டேங்கர் விமானங்களை, அதாவது வானிலேயே மற்ற விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் விமானங்களை, 2,000 கோடி டாலருக்கும் மேல் குத்தகைக்கு எடுக்கும் பேரத்தை நடத்தியவர் அவர். 2002 செப்டம்பரில், போயிங்கில் வேலை பார்த்த அவர் மகளே கம்பெனியின் நிதித் தலைவர் மைக்கேல் சியர்ஸுக்கு மெயில் எழுதி அம்மாவின் வேலைக்குத் தூது போகிறார். அக்டோபர் 17 அன்று ட்ரூயனும் சியர்ஸும் ஆர்லாண்டோவில் நேரிலேயே சந்தித்து வேலை பற்றிப் பேசுகிறார்கள். போயிங் விஷயங்களிலிருந்து ஒதுங்குகிறேன் என்று அவர் எழுதிக் கொடுத்தது நவம்பர் தொடக்கத்தில். அந்த மாதமே ஓய்வு, 2003 ஜனவரியில் போயிங்கில் வேலை, ஆண்டுச் சம்பளம் 2.5 லட்சம் டாலர். செப்டம்பருக்கும் நவம்பருக்கும் நடுவே இருக்கிற அந்தச் சில வாரங்கள்தான் மொத்த வழக்கும். ஒதுங்கல் கடிதம் ஃபைலில் இருந்தது, ஆனால் தேதி காலை வாரிவிட்டது.

ஆகவே முதல் வேலை, ஒரு தாளில் தேதி குறிக்க இரண்டு கோடு போடுங்கள், ஒன்று கான்ட்ராக்ட்டுக்கு, இன்னொன்று ஆளுக்கு.

கான்ட்ராக்ட் பக்கம் சுலபம். 75 லட்சம் டாலரும் அதற்கு மேலும் போகிற ஆர்டர்களைப் பென்டகன் வேலை நாட்களில் அவர்கள் நேரம் மாலை 5 மணிக்குத் தன் தளத்திலேயே போடுகிறது. கம்பெனி பெயர், தொகை, கான்ட்ராக்ட் எண், எத்தனை டெண்டர் வந்தது, எல்லாம் ஒரே பத்தியில் இருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், கம்பெனி பெயரை வைத்துத் தேடினால் ஆயிரக்கணக்கில் கொட்டும். எண்ணின் முதல் ஆறு எழுத்துகள் எந்த அலுவலகம் கொடுத்தது என்றும் அடுத்த இரண்டு எந்த நிதியாண்டு என்றும் சொல்லும். அப்புறம் அதே எண்ணை, அரசுச் செலவுகளைக் காட்டும் யுஎஸ்ஏஸ்பெண்டிங் தளத்தில் போட்டால் பின்னால் செய்த திருத்தங்களும் தேதியோடு வரும். ராணுவத் தரவு மட்டும் 90 நாள் தாமதமாகத்தான் அங்கே ஏறும், அதனால் போன வாரம் கொடுத்தது இல்லையே என்று பதற வேண்டாம். திருத்தங்களைக் கட்டாயம் பாருங்கள், முதலில் சின்னதாகக் கொடுத்துவிட்டுப் பிறகு ஊதிப் பெருக்குவது அங்கேதான் தெரியும். போட்டியே இல்லாமல் ஒருவருக்குக் கொடுத்திருந்தால், ஏன் அப்படி என்ற விளக்கத்தை, அரசு டெண்டர் அறிவிப்புகள் வரும் சாம் (SAM) தளத்தில் போட வேண்டும், அதில் கையெழுத்துப் போட்டவர் யார், என்றைக்கு என்று பாருங்கள்.

ஆள் பக்கம்தான் மெனக்கெட வேண்டும். உயர் அதிகாரிகள் 278 எண் படிவத்தில் சொத்து, பங்கு, துணைவரின் வருமானம், முன்பிருந்த வேலை, பேசி முடித்த அடுத்த வேலை எல்லாவற்றையும் காட்ட வேண்டும். இது பொது ஆவணம், யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். பதவியை விட்ட 30 நாளுக்குள் கடைசியாக ஒன்று கொடுக்க வேண்டும், நீங்கள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். இவற்றைப் பொதுவாக ஆறு வருஷம்தான் வைத்திருப்பார்கள், தள்ளிப்போடாதீர்கள். இடைநிலை அதிகாரிகளின் 450 எண் படிவம் ரகசியம், அது கிடைக்காது. பெரிய இடைவெளி இது, டெண்டரை மதிப்பிடும் குழுவில் உட்காருகிறவர்கள் பலர் அந்த நிலையில் இருப்பவர்கள்தான்.

லாபியிஸ்ட்டுகளின், அதாவது கம்பெனிகளுக்காக அரசிடம் காரியம் பேசுகிறவர்களின், பதிவுகளையும் புரட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் ஆகும், கடந்த 20 வருஷத்தில் வகித்த முக்கிய அரசுப் பதவியையும் அதில் சொல்லியாக வேண்டும். அடுத்து குடும்பம். ட்ரூயனின் மகளையும் வருங்கால மருமகனையும் 2000இல் அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் போயிங் வேலைக்கு எடுத்திருந்தது, இதெல்லாம் எந்தப் படிவத்திலும் நேராகத் தெரியாது.

சட்டத்தில் நான்கைந்து விதிகள் தெரிந்தால் போதும். ஒரு கம்பெனியோடு வேலை பற்றிப் பேச ஆரம்பித்த நொடியிலிருந்து, அந்தக் கம்பெனியின் ஆதாயம் அவருடைய சொந்த ஆதாயமாகவே கணக்கு, அது சம்பந்தமான ஃபைலைத் தொடக் கூடாது. தானே நேரடியாகக் கையாண்ட கான்ட்ராக்ட்டில் கம்பெனி சார்பாக அரசிடம் பேச வாழ்நாள் தடை. 1 கோடி டாலருக்கு மேற்பட்ட கான்ட்ராக்ட்டில் தேர்வு அதிகாரி (எந்தக் கம்பெனிக்கு என்று முடிவு செய்பவர்) போன்ற குறிப்பிட்ட பொறுப்புகளில் இருந்தவர் ஒரு வருஷம் அந்தக் கம்பெனியிடம் சம்பளம் வாங்கக் கூடாது, ஆனால் சம்பந்தமில்லாத வேறு பிரிவில் சேரலாம் என்று சட்டத்திலேயே வழி விட்டிருக்கிறார்கள் (அந்த வழி போதுமான அளவு அகலம்). கம்பெனிக்கும் தனியாக விதி உண்டு: டெண்டர் நிபந்தனையை எழுதிக் கொடுத்த ஆலோசகரே டெண்டரும் போடக் கூடாது.

எல்லாம் கூடி வந்தாலும் அவசரப்படாதீர்கள். பேட்ரிக் ஷனஹான் 30 வருஷத்துக்கு மேல் போயிங்கில் இருந்துவிட்டுப் பென்டகனுக்கு வந்தவர், 2019இல் தற்காலிகப் பாதுகாப்பு அமைச்சரானார். போயிங்குக்குச் சாதகமாகப் பேசுகிறார் என்று புகார் வந்தது. பென்டகனின் உள் கண்காணிப்பாளரான இன்ஸ்பெக்டர் ஜெனரல் விசாரித்து, ஒதுங்குவதாகக் கொடுத்த வாக்கை அவர் மீறவில்லை என்று சொல்லிவிட்டார். ட்ரூயன் கதை நேர்மாறு. 2004 ஏப்ரலில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோதுகூட யாருக்கும் சலுகை காட்டவில்லை என்றார், பொய் கண்டறியும் சோதனையில் தோற்றபின், அக்டோபரில் தண்டனை அறிவித்த அன்றுதான் டேங்கர் பேரத்திலும் வேறு சில ஆர்டர்களிலும் போயிங் பக்கம் சாய்ந்ததைச் சொன்னார். அவருக்கு 9 மாதம் சிறை, சியர்ஸுக்கு 4 மாதம், போயிங் 2006இல் 61.5 கோடி டாலர் கட்டி முடித்துக்கொண்டது. குத்தகைத் திட்டம் செத்தது, மாற்று டேங்கர் ஆர்டர் உறுதியாக 2011 ஆகிவிட்டது, அதுவும் போயிங்குக்கே போனது வேறு கதை.

கண்டுபிடித்ததை எங்கே கொடுப்பது? அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓவில் டெண்டர் தகராறு மனு, அந்த டெண்டரில் சம்பந்தப்பட்ட கம்பெனிகள் மட்டும்தான் போடலாம், காரணம் தெரிந்த 10 நாளுக்குள். ட்ரூயன் ஒப்புக்கொண்டபின் போட்டிக் கம்பெனிகளான லாக்ஹீட் மார்ட்டினும் பிஏஇயும் 2001இல் போயிங்குக்குப் போன சி-130 சரக்கு விமான நவீனமாக்கல் ஆர்டரை எதிர்த்து மனு போட்டு 2005இல் ஜெயித்தன. உங்களைப் போன்ற வெளியாளுக்குப் பென்டகனின் ஹாட்லைன் இருக்கிறது, மோசடிப் புகார் வாங்கும் ஜிஏஓவின் ஃபிராட்நெட் இருக்கிறது, பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். உங்கள் இரண்டு கோட்டுத் தாளையும் கான்ட்ராக்ட் எண்ணையும் அனுப்புங்கள், உங்கள் ஊகத்தைத் தனியாக எழுதுங்கள். இன்னும் ஆவணம் வேண்டுமென்றால் அவர்களுடைய தகவல் உரிமைச் சட்டத்தில் நீங்கள் சென்னையில் இருந்துகொண்டே கேட்கலாம், குடியுரிமை தேவையில்லை. 20 வேலை நாள் என்று சட்டம் சொல்கிறது, நடப்பில் மாதக்கணக்கு. அரசு சார்பில் நீங்களே வழக்குப் போட்டு மீட்டுக் கொடுத்த பணத்தில் பங்கு தரும் சட்டமும் ஒன்று உண்டு, ஆனால் ஏற்கெனவே வெளியில் வந்துவிட்ட தகவலை மட்டும் வைத்துப் போட்டால் அந்த வழக்கு பெரும்பாலும் நிற்காது.