சமையலறைக் கழிவை நாற்றமின்றி விரைவாக மட்கச் செய்யும் முறை

வீட்டில் மட்கு உரம் தயாரிக்கத் தொடங்கிப் பாதியில் கைவிட்டவர்கள் பெரும்பாலும் இரண்டு காரணங்களைச் சொல்கிறார்கள். தொட்டி நாறியது என்பது ஒன்று. மாதக்கணக்கில் காத்திருந்தும் குப்பை குப்பையாகவே கிடந்தது என்பது மற்றொன்று. நாற்றத்துக்கு ஒரு தூள், வேகத்துக்கு ஒரு திரவம் என்று இவற்றைத் தனித்தனியாகச் சரிசெய்ய முயல்வதால் பணம் செலவாகிறதே தவிர, தொட்டியின் நிலை மாறுவதில்லை. நாற்றமும் தாமதமும் பெரும்பாலும் ஒரே குறையிலிருந்து பிறப்பவை: குவியலின் உட்பகுதிக்குக் காற்று போதிய அளவு செல்லவில்லை. உலர்பொருளைச் சேர்ப்பது, ஈரத்தை அளவோடு வைப்பது, உரிய நேரத்தில் கிளறுவது ஆகிய மூன்று வேலைகளும் அந்தக் குறையை நீக்குவதோடு மட்கும் வேகத்தையும் கூட்டுகின்றன.

காற்று உள்ள இடத்தில் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் கழிவை உண்டு கரியமில வாயு, நீராவி, வெப்பம் ஆகியவற்றை வெளியிடுகின்றன. இவற்றில் எதற்கும் நாற்றம் கிடையாது. காற்று தீர்ந்துபோன இடத்தில் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகி, புளித்த நெடியுள்ள அமிலங்களையும் அழுகிய முட்டையின் நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடையும் உண்டாக்குகின்றன. அவை உணவிலிருந்து பெறும் ஆற்றல் மிகக் குறைவு என்பதால் பெருக்கமும் மெதுவாகவே நடக்கிறது. ஆகவே நாறும் தொட்டி பெரும்பாலும் மந்தமான தொட்டியாகவும் இருக்கும். காய்கறித் தோலிலும் பழச் சக்கையிலும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நீர்தான் இருப்பதால், அவை இரண்டு மூன்று நாள்களில் தளர்ந்து அமிழ்ந்து, வெளியேறும் நீரால் இடைவெளிகளையெல்லாம் அடைத்துவிடுகின்றன.

காற்றுக்கும் காலத்துக்கும் உள்ள இந்த உறவு நம் நாட்டில் நெடுங்காலத்துக்கு முன்பே தெளிவாகக் கண்டறியப்பட்டது. ஆங்கிலேய வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்ட் 1924 முதல் 1931 வரை இந்தூரில் உருவாக்கிய முறையில் பயிர்க்கழிவும் சாணமும் அடுக்கப்பட்டு, சில வார இடைவெளியில் புரட்டப்பட்டு, ஏறத்தாழ மூன்று மாதங்களில் உரமாயின. பெங்களூரில் சி. என். ஆச்சார்யா 1939இல் வகுத்த முறையிலோ நகரக் குப்பையும் மலக்கழிவும் குழியில் இடப்பட்டு, மேலே மண் பூசப்பட்டு, புரட்டாமலேயே விடப்பட்டன. அதற்கு ஆறு முதல் எட்டு மாதங்கள் தேவைப்பட்டன. மூலப்பொருள்கள் முற்றிலும் ஒன்றல்ல என்றாலும், கால வேறுபாட்டின் பெரும்பகுதி காற்றால் வந்ததே. பெங்களூர் முறை ஆள்கூலியை மிச்சப்படுத்தியது. ஊருக்கு வெளியே, நிலம் தாராளமாக உள்ள இடத்தில் அது பொருத்தமானது. மொட்டைமாடியிலோ அடுக்ககத்தின் பின்பக்கத்திலோ உரம் செய்பவருக்கு இந்தூர் வழியே ஏற்றது.

தொட்டியும் இடமும்

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 50 முதல் 100 லிட்டர் கொள்ளளவுள்ள இரண்டு பிளாஸ்டிக் டிரம்கள் போதும். ஒன்று நிறைந்து மட்கும்போது மற்றொன்று நிரம்பிக்கொண்டிருக்கும். பக்கங்களில் ஒரு சாண் இடைவெளியில் விரல் நுழையும் அளவுக்குத் துளைகளிட்டு, அடியிலும் சில துளைகளிட்டு, டிரம்மைச் செங்கற்களின் மேல் நிறுத்தி, கீழே ஒரு தட்டை வைக்க வேண்டும். துளைகளின் உட்புறம் கொசுவலையை ஒட்டினால் ஈக்கள் நுழைவது பெரிதும் குறையும். அடியில் ஒரு சாண் உயரத்துக்குத் தேங்காய் மட்டைத் துண்டுகளையோ சுள்ளிகளையோ பரப்பிய பிறகே கழிவைப் போடத் தொடங்க வேண்டும். இந்த அடுக்கு இல்லாத தொட்டியில் அடிப்பகுதி முதல் வாரத்திலேயே சேறாகிவிடும். வெயில் நேரடியாக நாள் முழுவதும் படாத, மழை விழாத மூலையே நல்ல இடம்.

சருகு என்னும் மூலதனம்

மட்கும் பொருளில் கரிமச்சத்து (கார்பன்) 25 முதல் 30 பங்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு பங்கும் இருந்தால் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும். சமையலறைக் கழிவில் இந்த விகிதம் பெரும்பாலும் 20க்கும் கீழே இருக்கும். சருகில் அது 40க்கு மேல். தென்னை நார்க்கழிவில் 100ஐயும் தாண்டும். வீட்டில் இதை யாரும் கணக்கிட வேண்டியதில்லை. கழிவை எந்தப் பாத்திரத்தால் அளக்கிறோமோ அதே பாத்திரத்தால் ஒன்று முதல் ஒன்றரை மடங்கு நொறுக்கிய சருகைச் சேர்த்தால் விகிதம் ஏறக்குறைய சரியாக வந்துவிடும். மழைக்காலத்தில் இரண்டு மடங்கு வேண்டியிருக்கும்.

நகரங்களில் எளிதாகக் கிடைக்கும் நார்க்கழிவை மட்டுமே நம்பியிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் லிக்னின் என்னும் கடினமான மரப்பொருள் மிகுதி என்பதால் அது எளிதில் மட்குவதில்லை. அதை மட்கச் செய்வதற்கென்றே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் புளூரோட்டஸ் என்னும் சிப்பிக் காளானையும் யூரியாவையும் பரிந்துரைக்கிறது. நார்க்கழிவு நீரை உறிஞ்சும், நாற்றத்தைக் குறைக்கும். ஆனால் துகள் சிறிது என்பதால் நனைந்தவுடன் படிந்துவிடுகிறது. ஆகவே பாதிக்குப் பாதி சருகைக் கலப்பதே நல்லது. வெயிலில் காய்ந்த கரும்புச் சக்கை, வேர்க்கடலைத் தோல், கிழித்த முட்டை அட்டை, வைக்கோல் ஆகியவையும் இடைவெளியைத் தாங்கிப் பிடிக்கும். வழவழப்பான வண்ணத் தாளும் பிளைவுட் மரத்தூளும் வேண்டாம்.

வேம்பும் புங்கனும் மாசி, பங்குனி மாதங்களில் இலை உதிர்க்கின்றன. தெருவெங்கும் குவிந்து, பல இடங்களில் தீயிட்டுக் கொளுத்தப்படும் அந்தச் சருகை நான்கைந்து சாக்குகளில் கட்டி மழை படாத இடத்தில் வைத்திருப்பவருக்கு ஐப்பசி மழையில் தொட்டி நாறாது. வடகிழக்குப் பருவமழையின்போது உலர்ந்த சருகு எங்கும் கிடைக்காது என்பதே அப்பருவத்தில் எண்ணற்ற தொட்டிகள் கைவிடப்படுவதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன். உரம் செய்யும் திறமையில் பாதி, சருகைப் பருவத்தில் சேர்த்து வைப்பதில்தான் இருக்கிறது.

கலப்பதும் கிளறுவதும்

கழிவை இரண்டு விரல் அகலத்துக்கு மிகாத துண்டுகளாக நறுக்கிப் போட்டால் நுண்ணுயிர்கள் பற்றும் பரப்பு கூடி வேகம் கூடும். மிக்சியில் அரைத்து ஊற்றுவது இதற்கு நேர்மாறான பலனைத் தரும். கூழுக்குள் காற்று புகாது. வாழை இலை, முருங்கைச் சக்கை, சோளக் கட்டை போன்ற நார்ப்பொருள்களை நசுக்கியோ சிறிதாக வெட்டியோ போட வேண்டும். மாங்கொட்டையும் தேங்காய் ஓடும் சிறு தொட்டிக்கு ஏற்றவையல்ல. மீந்த சோற்றை நீர் வடித்து, பிசுபிசுப்புப் போகச் சருகுத் தூளில் புரட்டி, ஒரே இடத்தில் குவிக்காமல் சிதறிப் போட வேண்டும். குழம்பின் எண்ணெயும் உப்பும் மட்குதலைத் தடுக்கும் என்பதால் அவற்றைத் தவிர்ப்பது நலம். மீன், இறைச்சிக் கழிவுகளை இந்த அளவுள்ள தொட்டியில் சேர்க்கக் கூடாது.

ஒவ்வொரு நாளும் கழிவைக் கொட்டியவுடன் மேல் ஐந்தாறு விரல் ஆழத்தை ஒரு குச்சியால் கலந்துவிட்டு, கழிவு சிறிதும் கண்ணுக்குத் தெரியாதபடி சருகால் மூட வேண்டும். அந்த மூடலுக்குச் சருகைவிடவும் சிறந்தது முன்பு தயாரான மட்கு உரம். அதன் ஒரு சிறு அடுக்கு, கீழிருந்து எழும் அம்மோனியாவையும் பிற ஆவிகளையும் பிடித்து வைக்கிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அவற்றை உண்டுவிடுகின்றன. தொடக்க ஊக்கியாகவும் அதுவே போதும். புளித்த மோர், சாணக் கரைசல், கடைத் திரவங்கள் ஆகியவற்றால் தீங்கில்லை. முதல் தொட்டியைத் தொடங்கும்போது அவை சிறிது உதவலாம். எனினும் ஈரம் மிஞ்சிய, காற்றற்ற குவியலில் எந்த ஊக்கியும் பயன் தராது என்பதோடு, அவை கொண்டுவரும் நீர் நிலைமையை மோசமாக்கவும் கூடும்.

ஈரத்தை அறிய ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பார்ப்பதே நம்பகமான வழி. கை ஈரமாகி, விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி மட்டும் அரும்பினால் ஈரம் 50 முதல் 60 விழுக்காடு, அதுவே சரியான அளவு. நீர் ஒழுகினால் சருகு சேர்க்க வேண்டும். பிடியே நிற்காமல் உதிர்ந்தால் நீர் தெளிக்க வேண்டும். அக்கினி நட்சத்திர நாள்களில் ஓரங்கள் இப்படிக் காய்ந்து மட்குதல் முற்றிலும் நின்றுபோவதைப் பலர் கவனிப்பதில்லை.

தொட்டி நிறைந்தபின் முதல் இரண்டு வாரங்களுக்கு மூன்று நாளுக்கு ஒரு முறையும், பின்னர் வாரம் ஒரு முறையும் அடிவரை கிளற வேண்டும். நடுவில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி ஐந்து நிமிடம் கழித்து எடுத்தால் சூடு தெரியும். ஏறத்தாழ ஒரு கன மீட்டர் அளவுள்ள குவியல்தான் வெப்பத்தைத் தன்னுள் தக்கவைத்து 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை ஏறும்; 55 பாகையில் மூன்று நாள் நின்றால் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் அழியும். 70 பாகையை நெருங்கினால் பயனுள்ள நுண்ணுயிர்களும் மடியும் என்பதால் உடனே புரட்டிவிட வேண்டும். வீட்டு டிரம் அவ்வளவு சூடாகாது. அதில் 45 முதல் 60 நாள்கள் ஆவது இயல்பே. அடுக்ககங்களில் பல வீட்டுக் கழிவை ஒன்றுசேர்த்துக் கம்பிவலைக் கூண்டில் குவித்தால் வெப்பமும் வேகமும் கிடைக்கும். நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவை உண்டாக்குவோரை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தனி வகையாகவே வகுத்து, மக்கும் குப்பையை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே கையாளச் சொல்லின. சென்னையில் பெருங்குடிக்கும் கொடுங்கையூருக்கும் லாரியில் சென்று மலையாகக் குவிந்த குப்பையைப் பார்த்தவர்களுக்கு அந்த விதியின் அவசியத்தை விளக்கத் தேவையில்லை.

எந்த நாற்றம், எந்தக் குறை

மூத்திர நெடி வீசினால் அது அம்மோனியா. தழைச்சத்து மிகுந்துவிட்டது என்று பொருள். பச்சைப் புல்லையோ புதுச் சாணத்தையோ அதிகமாகச் சேர்த்தால் இப்படி நேரும். சருகைக் கூட்டினால் சில நாளில் அடங்கும். இந்த நிலையில் சுண்ணாம்போ சாம்பலோ தூவுவது தவறு. காரத்தன்மை கூடக்கூட அம்மோனியா இன்னும் வேகமாக ஆவியாகும், உரத்தில் நிற்க வேண்டிய தழைச்சத்தும் காற்றில் போகும். புளித்த நெடி, சோறும் பழமும் மிகுந்த முதல் வாரத்தில் வருவது. நன்றாகக் கிளறி, பழைய மட்கு இரண்டு கைப்பிடியும் ஒரு சிட்டிகை விறகுச் சாம்பலும் கலந்தால் போதும்.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் மேலோட்டமாகக் கிளறுவது உதவாது. தொட்டி முழுவதையும் ஒரு தார்ப்பாயில் கொட்டி, சேறான பகுதியை உடைத்து, சம அளவு சருகும் மட்டைத் துண்டும் கலந்து மீண்டும் நிரப்ப வேண்டும். அடைபட்டிருந்த வாயு அப்போது ஒரேயடியாக வெளிவரும் என்பதால் நேரத்தைத் தேர்ந்து செய்ய வேண்டும். விடியற்காலையிலும் இரவிலும் காற்று அசையாமல் தரையோடு தங்கி நாற்றத்தை அக்கம்பக்கத்து வீடுகளிலேயே நிறுத்திவைக்கும். நடுப்பகலில், கடலோர ஊர்களாயின் கடற்காற்று வீசத் தொடங்கிய பிறகு, செய்தால் அது விரைவில் கலைந்துவிடும். அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது முறை.

பருத்த, சாம்பல் நிறப் புழுக்கள் நெளிவதைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். அவை பெரும்பாலும் கறுப்புப் படைவீரர் ஈயின் புழுக்கள். கழிவை மிக வேகமாகத் தின்பவை, மனிதருக்கோ செடிக்கோ கேடு செய்யாதவை. அவை மிகுந்தால் தொட்டியில் ஈரம் கூடியிருக்கிறது என்று அறிந்து, மேல்மூடலைத் தடிப்பாக்கினால் குறையும். தட்டில் சேரும் வடிநீரை இரண்டு நாளுக்கு ஒரு முறையாவது அகற்ற வேண்டும். தொட்டியில் நாற்றமே இல்லாதபோதும் அந்தத் தட்டு நாறும்.

முதிர்வு

சூடு தணிந்து, நிறம் கறுத்து, அளவு பாதிக்கும் கீழே சுருங்கியதும் உரம் தயாராகிவிட்டது என்று எண்ணிச் செடிக்கு இட்டுவிடக் கூடாது. இன்னும் இரண்டு முதல் நான்கு வாரங்கள் நிழலில் லேசான ஈரத்துடன் ஆறவிட வேண்டும். முதிராத மட்கு, மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தன் மட்குதலுக்கே இழுத்துக்கொண்டு செடியை மஞ்சளாக்கும், வேர்களையும் கருக்கும். ஈரமான ஒரு கைப்பிடியைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி மூன்று நாள் வைத்துத் திறந்து பார்த்தால், முதல் மழையில் எழும் மண்வாசனை வர வேண்டும். புளிப்போ நெடியோ வந்தால் இன்னும் காலம் வேண்டும். சிறு கிண்ணத்தில் அந்த மட்கோடு மண்ணைக் கலந்து வெந்தயத்தை விதைத்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. முளைகள் ஒரே சீராக எழுந்தால் ஐயமின்றிப் பயன்படுத்தலாம்.

பிறகு சல்லடையில் சலித்து, தொட்டிச் செடிகளுக்கு மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு என்ற அளவில் கலக்கலாம். சல்லடையில் தங்கும் மட்டைத் துண்டுகள், சுள்ளிகள், அரைகுறையாக மட்கிய நார் ஆகியவற்றை எறிந்துவிட வேண்டாம். நுண்ணுயிர்கள் செறிந்து படிந்திருக்கும் அவற்றை அடுத்த தொட்டியின் அடியில் பரப்பினால், புதிய மட்டைத் துண்டுகளைக் கொண்டு தொடங்குவதைவிட மட்குதல் விரைவாகச் சூடுபிடிக்கும்.