தீம் பார்க் காட்சிகளில் மிரளும் சிறு குழந்தைகள்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் காரைக்குடிப் பக்கத்து ஊர்களில், ஐயனார் கோயிலுக்குக் குழந்தையை முதன்முறையாகக் கூட்டிப் போகும் பெரியவர்கள் அதை நேராகக் கொண்டுபோய்க் கருப்பர் முன்னால் நிறுத்துவதில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்ட நின்றபடியே வரிசையாக நிற்கும் மண் குதிரைகளைக் காட்டுவார்கள். பிறகு ஒரு குதிரையின் காலைத் தொட்டுப் பார்க்க விடுவார்கள். உருட்டிய விழியும் ஓங்கிய அரிவாளும் தெரிந்ததும் குழந்தை முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டால், "சரி, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று திரும்பிவிடுவார்கள். பகல் வெளிச்சம், திறந்த வெளி, தெரிந்த கை, வேண்டாமென்றால் உடனே திரும்பிப் போகலாம் என்ற வழி, இந்த நான்கும் இருப்பதால்தான் எங்கள் பிள்ளைகள் அத்தனை பெரிய உருவத்தோடும் பழகிப் போகிறார்கள். அதே பெரியவர்கள் அதே பிள்ளையை மதுரை, சென்னை, கொச்சி என்று தீம் பார்க்குக்குக் கூட்டிப் போகும்போது இந்த நான்கையும் நுழைவாயிலிலேயே விட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் விட்டேன்.

சென்ற கோடை விடுமுறையில் நாலு வயதுப் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு முப்பரிமாணக் காட்சி அரங்கில் உட்கார்ந்திருந்தேன். விளக்குகள் ஒரே நேரத்தில் அணைந்தன. திரையிலிருந்து ஒரு பெரிய பாம்பு எங்கள் முகத்தை நோக்கிப் பாய்ந்தது. அதே நொடியில் நாற்காலிக்கு அடியிலிருந்து காற்று சீறிக்கொண்டு காலில் அடித்தது. அவள் அழவில்லை. என் சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு, என் மணிக்கட்டை நகம் பதியும்படி பிடித்துக்கொண்டு, கொஞ்சமும் அசையாமல் இருந்தாள். அழாததால் ரசித்துப் பார்க்கிறாள் என்று நினைத்துவிட்டேன். வெளியே வந்து இறக்கிவிட்டபோதுதான் பாவாடை நனைந்திருந்தது தெரிந்தது. அன்றிரவு தொடங்கி மூன்று வாரம், விளக்கை அணைத்தால் ஒரே கேள்விதான்: "ஆயா, அது நம்ம கட்டிலுக்கு அடியில இருக்கா?"

இந்த அனுபவத்திலிருந்து முதலில் சொல்ல வேண்டியது, பயத்தின் அடையாளம் அழுகை மட்டும்தான் என்று எண்ணுவது தவறு என்பதே. உறைந்துபோவதும், பேச்சு நின்றுபோவதும், துணியையோ விரலையோ வாயில் வைத்துக்கொள்வதும், திடீரென்று "சிறுநீர் போகணும்" என்று சொல்வதும் பயத்தின் வடிவங்கள்தான். இருட்டில் உட்கார்ந்திருக்கும்போது திரையைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு குழந்தையின் கையையும் மூச்சையும் கவனிப்பது நல்லது.

அடுத்த தவறு நாம் உள்ளே நுழைவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ராட்டினத்துக்கும் ரோலர் கோஸ்டருக்கும் வெளியே உயரம் அளக்கும் பலகை இருப்பதைப் பார்த்துப் பழகிவிட்ட நாம், அப்படிப் பலகை எதுவும் இல்லாத காட்சி அரங்கு என்றால் அது கைக்குழந்தைக்கும் ஏற்றது என்று முடிவு செய்துவிடுகிறோம். உயரக் கட்டுப்பாடு என்பது இருக்கையின் பிடிப்புக் கம்பியும் பட்டையும் உடம்பைச் சரியாகப் பிடிக்குமா என்பதைப் பார்த்து வைப்பது. குழந்தையின் மனம் அதைத் தாங்குமா என்று அது ஒருபோதும் அளப்பதில்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் டிஸ்னியின் அனிமல் கிங்டம் பூங்காவில் 1998-இல் தொடங்கி 2025 வரை நடந்த, பூச்சிகளைப் பற்றிய முப்பரிமாணக் காட்சி இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அதற்கு உயரக் கட்டுப்பாடே இருந்ததில்லை. ஆனால் உள்ளே இருட்டும் புகையும் இருந்தன, துர்நாற்றம் பரவியது, முகத்தில் நீர் தெறித்தது, நாற்காலி முதுகில் குத்தியது, கூரையிலிருந்து சிலந்தி உருவங்கள் இறங்கின. சிறு குழந்தைகள் பாதியில் அலறியபடி வெளியே தூக்கிச் செல்லப்படுவது அங்கே பலரும் கண்ட காட்சி. ஆகவே நுழைவாயிலில் இருக்கும் ஊழியரிடம் உயரத்தைக் கேட்பதோடு நிறுத்தாமல், உள்ளே முழு இருட்டு வருமா, வெடிச் சத்தம் உண்டா, நாற்காலி அசையுமா, மேலே ஏதாவது விழுமா அல்லது தொடுமா, நடுவில் எழுந்து வர முடியுமா என்று கேட்டுவிடுவது நல்லது. கேட்டால் சொல்லிவிடுவார்கள், நாம்தான் கேட்பதில்லை.

"ஒன்னுமே இருக்காது, பயப்படாம வா" என்று சொல்லி உள்ளே கூட்டிப் போவதை நான் பெரிய தவறாகவே கருதுகிறேன். உள்ளே ஏதோ இருக்கத்தான் செய்கிறது. குழந்தை அதைப் பார்க்கத்தான் போகிறது. அந்த நொடியில் அதற்கு இரண்டு இழப்பு: பாம்பு வந்துவிட்டது என்பது ஒன்று, ஆயா சொன்னது பொய் என்பது மற்றொன்று. மாறாக, "உள்ளே இருட்டா இருக்கும், பெரிய சத்தம் வரும், காலில் காத்து அடிக்கும், பிடிக்கலேன்னா என் கையை ரெண்டு தடவை அழுத்து, வெளியே வந்துடலாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், வரப்போவது தெரிந்த குழந்தை பாதி பயத்தைக் கடந்துவிடும். அப்படி வாக்குக் கொடுத்துவிட்டு, கை அழுத்தியதும் "இன்னும் அஞ்சு நிமிஷம்தான்" என்று இழுப்பதும் கூடாது.

உட்காரும் இடத்தில் நாம் கொஞ்சமும் யோசிப்பதில்லை. வரிசையின் கடைசிவரை நகர்ந்து உட்காருங்கள் என்று ஊழியர்கள் சொல்வார்கள். முன்னால் நுழைந்தவர்கள் நடுவில் மாட்டிக்கொள்வார்கள். சின்னக் குழந்தை இருக்கிறது, ஓர இருக்கை வேண்டும் என்று சொல்லிக் கடைசியாக நுழைந்தால், எழுந்து வருவதற்கு இருபது பேரின் முழங்காலைத் தாண்ட வேண்டியதில்லை. குழந்தையைத் தனி நாற்காலியில் விடாமல் மடியில் வைத்துக்கொண்டால் முதுகில் குத்துவதும் காலில் அடிப்பதும் நம்மோடு நின்றுவிடும். விடுகிறார்களா என்று ஊழியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பயந்துவிட்டது என்று தெரிந்தால் முதலில் முப்பரிமாணக் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும்; பாய்ந்து வந்த பாம்பு அப்போதே திரையில் கலங்கலான தட்டைப் படமாகிவிடும்.

சத்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திடீர்ப் பேரொலிக்குத் திடுக்கிடுவது பிறந்த குழந்தைக்கே உள்ள இயல்பு; அதை யாரும் கற்றுக்கொடுப்பதில்லை, அறிவுரையால் மாற்றவும் முடியாது. வெடிபோன்ற ஒலிகளுக்குப் பெரியவர்களின் காதுக்கு 140 டெசிபல், குழந்தைகளின் காதுக்கு 120 டெசிபல் என்று உச்ச வரம்பைப் பிரித்தே வைத்திருக்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 1999-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தையின் கையைப் பிடித்து இறக்கி, "கேளு, எவ்வளவு நல்லா இருக்கு" என்று சொல்லும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கை தனக்குத் தெரிந்த ஒரே மருந்தைச் செய்துகொண்டிருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். பஞ்சு வைப்பதால் பெரிய பயன் இல்லை. குழந்தைகளுக்கென்றே விற்கும் ஹெட்போன் வடிவக் காதுமூடி ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டால் வாணவேடிக்கைக்கும் தேர்த் திருவிழா வெடிக்கும்கூட உதவும்.

காட்சி முடிந்து வெளியே வந்ததும் "அது வெறும் வேஷம்தான், உள்ள ஆள் இருக்காரு" என்று விளக்குவதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். மூன்று நான்கு வயதில் அந்த விளக்கம் ஏறாது என்பதை 1969-இல் வெளியான, உளவியலாளர் ரீட்டா டெவ்ரீஸின் ஆய்வு அழகாகக் காட்டியது. மேனார்டு என்ற சாதுவான பூனையைக் குழந்தைகள் முதலில் தடவிப் பழகினார்கள். பிறகு பூனையின் தலைப்பக்கத்தை மட்டும் மறைத்து, வால்பக்கம் குழந்தையின் கண்ணெதிரே இருக்கும்போதே, அதற்கு மூர்க்கமான நாய் முகமூடியை மாட்டினார்கள். பூனை எங்கும் போகவில்லை என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த மூன்று வயதுக் குழந்தைகளில் பலர், அது இப்போது நாய் என்றே நம்பினார்கள். ஆறு வயதுக் குழந்தைகள் அது பூனைதான் என்று தெளிவாகச் சொன்னார்கள். தோற்றம் மாறினாலும் உள்ளே இருப்பது மாறாது என்னும் அறிவு அந்த இடைப்பட்ட ஆண்டுகளில்தான் முளைக்கிறது. ஆகவே, நாலு வயதுப் பிள்ளை பயப்படுவது கோழைத்தனமும் அல்ல, செல்லம் கொடுத்துக் கெடுத்ததன் விளைவும் அல்ல. அதற்கு அந்த வயது இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். "ஆம்பளப் புள்ள அழலாமா" என்று கேட்பதும், அழும் முகத்தைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுப் பங்காளிகள் எல்லாரும் சிரிப்பதும், உதவி கேட்டு வந்த பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்புவதற்குச் சமம்.

பெரியவர்களின் முகத்தைப் பற்றியும் ஒன்று. ஒரு வயதுக் குழந்தைகளை வைத்து 1985-இல் ஜேம்ஸ் சோர்ஸும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வில், கீழே பள்ளம் இருப்பதுபோலத் தோன்றும் கண்ணாடிப் பரப்பின் மறுபுறம் தாய்மாரை நிற்க வைத்தார்கள். தாய் மலர்ந்த முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் பரப்பைக் கடந்து வந்தார்கள். பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூட வரவில்லை. புதிய இடத்தில் குழந்தை முதலில் படிப்பது நம் முகத்தைத்தான். விளையாட்டுக்காக "ஐயோ, வருது வருது" என்று பக்கத்தில் அலறும் சித்தப்பாக்களை அன்றைக்கு மட்டும் வேறு வரிசையில் உட்கார வைப்பது நல்லது.

எல்லாவற்றுக்கும் அடியில் காசு இருக்கிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வேன் பிடித்து, இத்தனை பேருக்கு டிக்கெட் எடுத்து வந்தபின், திருச்சியில் விமானம் ஏறிச் சிங்கப்பூர்வரை போனபின், ஒரு காட்சியை விட்டுவிட்டு வெளியே நிற்க மனம் வருவதில்லை. கணக்குப் பார்த்துச் செலவு செய்யும் ஊர்க்காரர்களான நமக்கு இது இன்னும் கடினம். ஆனால் கொடுத்த காசு, குழந்தை அழுதுகொண்டு உள்ளே இருப்பதால் திரும்பி வரப்போவதில்லை. பெரியவர்கள் முறை வைத்துக்கொள்ளலாம்: ஒருவர் உள்ளே போக, மற்றவர் குழந்தையோடு வெளியே இருந்து, பின்பு மாறிக்கொள்ளலாம். யூனிவர்சல் பூங்காக்களில் சைல்ட் ஸ்வாப் என்றும், டிஸ்னி பூங்காக்களில் ரைடர் ஸ்விட்ச் என்றும் ரைடுகளுக்கு இந்த ஏற்பாட்டையே செய்து வைத்திருக்கிறார்கள். இரண்டாவது ஆள் மறுபடி முழு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. நம் பக்கத்துப் பூங்காக்களிலும் கேட்டுப் பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்தபிறகு செய்யும் தவறுகள் அங்கே செய்தவற்றைவிட நீண்ட நாள் நிற்பவை. அவற்றுள் மிகக் கொடியது, அந்த உருவத்தையே பூச்சாண்டியாக்கி, "சாப்பிடலேன்னா அந்தப் பாம்பைக் கூப்பிடுவேன்" என்று மிரட்டுவது. அரங்கத்திலேயே விட்டு வந்திருக்க வேண்டியதை நாமே வண்டி ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். அடுத்தது, பயம் தெளியட்டும் என்று அதே காட்சியின் வீடியோவைக் கைப்பேசியில் திரும்பத் திரும்பக் காட்டுவது. இன்னொன்று, அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று வாயை மூடிவிடுவது. திருநீறு இடுவதையும் உப்பு மிளகாய் சுற்றிப் போடுவதையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆச்சியின் விரலும் மெல்லிய குரலும் நெற்றியில் படும்போது குழந்தை அமைதியாவது உண்மை. ஆனால் "எதையோ பார்த்துப் பயந்திருக்கு, என்னமோ அண்டியிருக்கு" என்று அதன் காதுபட நாலு பேர் பேசினால், வேஷம் என்று நாம் சொன்னதை நாமே பொய்யாக்கிவிடுகிறோம்.

செய்யக்கூடியது என்னவென்று கேட்டால், உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924-இல் எழுதிய வழியையே இன்றும் சொல்லலாம். முயலைக் கண்டு நடுங்கிய, மூன்று வயது நிரம்பாத பீட்டர் என்ற குழந்தைக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துவிட்டு, கூண்டிலிருந்த முயலை முதலில் எட்டத்தில் வைத்தார். அவன் சாப்பிடுவது தடைபடாத அளவுக்கு மட்டும் நாளுக்கு நாள் அருகே கொண்டுவந்தார். முடிவில் அவன் தன் விரலை முயல் கொறிக்க விடும் அளவுக்கு வந்துவிட்டான். என் பேத்திக்கு நான் ஓலைப் பாம்பு முடைந்து கொடுத்தேன், விரலை விட்டால் இறுக்கிக்கொள்ளுமே, அதுதான். முதல் நாள் அது முகப்புத் திண்ணையில் கிடந்தது. அவள் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், தூணோரம் வெயில் விழும் இடத்தில் உட்கார்ந்து வெள்ளைப் பணியாரம் தின்றாள். நாலைந்து நாளில் பாம்பு இன்னும் கொஞ்சம் உள்ளே, பட்டாலைக்கு வந்தது. பிறகு ஒரு நாள் அவளாகவே அதன் வாயில் விரலை விட்டு இழுத்துப் பார்த்து, அதற்கு மூன்று பணியாரம் வேண்டுமாம் என்று வந்து சொன்னாள். அவசரப்படுத்தியிருந்தால் அது நடந்திராது. கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துப் பார்ப்பதைத் தினமும் ஒரு தடவை மட்டும் அவளையே செய்ய விட்டோம். பத்துத் தடவை பார்த்தால், உண்மையிலேயே தேட வேண்டிய ஒன்று அங்கே இருக்கிறது என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இரவுக் கலக்கத்தில் இரண்டு வகை உண்டு, பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். விடியற்காலையை ஒட்டி விழித்து அழுது, கனவைச் சொல்லக்கூடிய குழந்தைக்கு வந்தது கெட்ட கனவு. அணைத்து ஆறுதல் சொன்னால் போதும். தூங்கிய ஓரிரு மணி நேரத்துக்குள் கண் திறந்தபடி அலறி, நம்மையே அடையாளம் தெரியாமல் தள்ளி, காலையில் எதுவும் நினைவில்லாமல் எழுந்தால் அது தூக்கப் பீதி எனப்படுவது. உலுக்கி எழுப்பாமல், விழுந்து அடிபடாதபடி பக்கத்தில் இருந்து, அது அடங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில நாட்களிலோ சில வாரங்களிலோ இது தணிந்துவிடும். ஒரு மாதம் கடந்தும் தூக்கம் கெட்டாலோ, பள்ளிக்குப் போக மறுத்தாலோ, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்பி வந்து நிற்காமல் தொடர்ந்தாலோ, குழந்தை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். அப்போது குழந்தையின் எதிரிலேயே எல்லாக் கதையையும் மறுபடி விவரிக்காமல், என்றைக்கு, எந்த மாதிரிக் காட்சி, அதன்பின் என்னென்ன மாறியது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.