டெங்குக் கொசுவை வைத்து ஒன்றரை நிமிடக் கார்ட்டூன் எடுப்பது எப்படி

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். 2012இல் கடையநல்லூர் வட்டாரத்தில் டெங்கு ஆடிய ஆட்டத்தை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கப்புறம் நோட்டீஸ், ஆட்டோ மைக், மாணவர் பேரணி என்று வருடாவருடம் நடக்கிறது. நோட்டீஸ் கடையில் பொட்டலம் மடிக்கப் போகிறது. கார்ட்டூன் ஓடினால் மட்டும் ஆச்சிமாரும் நகராமல் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அதனால் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு கார்ட்டூன் எடுக்கிறேன். ஒரு செல்போன் போதும், நீங்களும் எடுக்கலாம்.

கத்தரிக்கோலை எடுக்கும் முன் கொஞ்சம் பழைய படங்களைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளிலும் பர்மாவிலும் சிப்பாய்களை மலேரியா கூட்டம் கூட்டமாகப் படுக்கவைத்தது. மலேரியா மருந்தான குயினைனுக்கு வேண்டிய சிங்கோனா மரப்பட்டையில் பெரும்பங்கு ஜாவாவிலிருந்து வந்துகொண்டிருந்தது; 1942இல் ஜப்பான் அந்தத் தீவைப் பிடித்ததும் வரத்து நின்றுபோனது. மாற்றாகக் கொடுத்த அட்டாப்ரின் மாத்திரை ஒரே கசப்பு, தோலை வேறு மஞ்சளாக்கியது. ஆண்மை போய்விடும் என்று புரளி கிளம்ப, சிப்பாய்கள் அதை விழுங்காமல் ஏமாற்றினார்கள். பர்மா முனையில் பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம், தன் ஆட்கள் மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று திடீர் சோதனை வைத்து, சாப்பிடாத படைப்பிரிவுகளின் அதிகாரிகளைப் பதவியிலிருந்தே தூக்கினார்.

அமெரிக்க ராணுவமோ கார்ட்டூனே போட்டது. சினிமா இயக்குநர் ஃபிராங்க் காப்ராவின் ராணுவப் படப் பிரிவில் பிறந்த ஸ்னாஃபு என்ற மக்குச் சிப்பாய் 1943 முதல் 1945 வரை நாலைந்து நிமிடப் படங்களில் வந்தான். எழுதியவர்களில் முக்கியமானவர் தியோடர் கைசல், பின்னாளில் டாக்டர் சூஸ் என்று குழந்தைகள் கொண்டாடியவர். சக் ஜோன்ஸ் பல படங்களை இயக்கினார், குரல் மெல் பிளாங்க். செய்யாதே என்று சொன்ன எல்லாவற்றையும் ஸ்னாஃபு செய்வான், அவதிப்படுவான். பார்க்கிற சிப்பாய் 'நான் இவனளவு மக்கு இல்லை' என்று சிரித்துக்கொண்டே கொசுவலையைக் கட்டிக்கொள்வான் என்பது கணக்கு. 'இட்ஸ் மர்டர் ஷி செஸ்' (1945) படத்தை அவசியம் பாருங்கள். அதில் பேசுவதே மலேரியாவைப் பரப்பும் ஒரு கிழட்டு அனாபிலிஸ் கொசுதான். சிப்பாய்கள் வலை கட்டி, மருந்து பூசித் தன் பிழைப்பைக் கெடுத்துவிட்டார்கள் என்று புலம்புகிறது. மருத்துவர் சொன்னால் அறிவுரை. அதையே கொசு புலம்பினால் கதை. என் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

அந்தப் படங்களில் எடுக்கக் கூடாததும் உண்டு. ஜப்பானியரைக் கோரமாக வரைந்திருப்பார்கள், பெண்களைப் பொறி மாதிரி காட்டியிருப்பார்கள். கடிப்பது பெண் கொசுதான் என்பதால் நம் படத்திலும் அது பெண்ணாகத்தான் வரும். வாயாடிச் சித்தியாக வரையுங்கள், கெட்ட நடத்தைக்காரியாக வேண்டாம். மக்குப் பாத்திரத்தைப் பீடி சுற்றுகிற அக்காவாகவோ துப்புரவுப் பணியாளராகவோ ஆக்கவே ஆக்காதீர்கள். மாடி வீட்டு அண்ணாச்சி தொட்டியை மறந்துவிட்டார் என்று வையுங்கள், யாரும் குன்ற மாட்டார்கள்.

அடுத்து, படத்துக்கு ஒரே ஒரு செயல். காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, டயர், சிரட்டை எல்லாவற்றையும் ஒன்றில் திணிக்காதீர்கள், அவை அடுத்தடுத்த படங்களுக்கு. நான் எடுத்துக்கொண்டது 'தொட்டியைத் தேய்த்துக் கழுவு'. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீர் மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். தண்ணீரைக் கொட்டினால் முட்டை போகாது. காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி நீர் தொட்டதும் பொரியும். பொரிந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால்தான் வாரம் ஒருமுறை என்கிறோம். நம் ஊர்களில் தண்ணீரைக் கொட்டு என்றால் சண்டைக்கு வருவார்கள், அது நியாயமும்கூட. துணியில் வடிகட்டி அண்டாவுக்கு மாற்றி, தொட்டியைத் தேய்த்தபின் திரும்ப ஊற்றி மூடுவதாகக் காட்டுங்கள்.

குரலை முதலில் பதியுங்கள், படம் அப்புறம். அந்தக் கால ஸ்டூடியோக்களிலும் அதுதான் வழக்கம். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் திண்ணையில் பீடி சுற்றுகிறவர்களின் கண் தட்டை விட்டு எழும்பாது. பகலில் கடிக்கும் இந்தக் கொசுவுக்கு அவர்கள் கால்தான் வசதி. கண்ணால் பார்க்காமலே காதால் கேட்டு அவர்களுக்குப் புரிய வேண்டும். அதனால் வசனம் முழுக்க நம்ம ஊர்ப் பேச்சு:

"ஏட்டி, தொட்டித் தண்ணியை மட்டுந்தான் கொட்டுதாவ. சுவத்துல நம்ம முட்டை அப்படியே இருக்கு. மழை பெய்யட்டும், பொரிஞ்சிரும்."

"சித்தி, கோடி வீட்டு ஆச்சி தேங்கா நாரைக் கையில எடுத்துட்டாவ!"

"அப்ப அங்கன போவாத."

ஃபேனை நிறுத்தி, தலையணை மெத்தை கிடக்கும் அறையில் பதிந்தால் எதிரொலி இருக்காது. எங்களுக்குச் சித்தி குரல் கொடுத்தவர் சத்துணவுக் கூடத்து ஆயா. நடிக்கவே வேண்டியிருக்கவில்லை.

பொம்மைகளுக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை அருமையாக வரும். கறுப்பு அட்டையில் கொசுவை வெட்டி, காலில் வைட்னரால் வெள்ளைப் பட்டை போடுங்கள், ஏடிஸுக்கு அதுதான் அடையாளம். கால், சிறகு மூட்டுகளில் நூல் முடிச்சு. முட்டைக்குக் கடுகு. தொட்டியைக் குறுக்கே வெட்டியது போல வரைந்து, நீல செலோபேன் தாளைச் சிறிது சிறிதாகக் கீழே இழுத்தால் தண்ணீர் வற்றும், கடுகு சுவரில் ஒட்டி நிற்கும். நிஜத் தேங்காய் நாரை விட்டுத் தேய்க்கும்போது ஒவ்வொரு போட்டோவுக்கும் ஒரு கடுகாக எடுங்கள். படத்தின் உயிரே அந்த இடம்தான், அவசரப்படாதீர்கள்.

போனை ஸ்டூல் மேல் திரை மேலே பார்க்கும்படி வைத்து, கேமரா மட்டும் விளிம்புக்கு வெளியே நீட்டும்படி டேப் ஒட்டுங்கள். பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுக்கும் போட்டோக்களைப் படமாகக் கோக்க, ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ செயலியின் இலவச வடிவம் போதும். ஜன்னலை அடைத்து ஒரே டியூப்லைட்டில் எடுங்கள். வெயில் ஏறி இறங்கினால் படம் மினுங்கும். வெளிச்ச அளவையும் ஃபோகஸையும் பூட்டிவிடுங்கள். நொடிக்கு எட்டுப் போட்டோ வைத்தால் ஒன்றரை நிமிடத்துக்கு 720. மலைக்க வேண்டாம், கொசு பேசும் இடங்களில் சிறகின் இரண்டு நிலைகளையே மாற்றி மாற்றிப் போடலாம்.

புரட்டாசி கடைசிக்குள் முடித்துவிடுங்கள், ஐப்பசி மழைக்கு முன்னால் படம் ஊருக்குள் போக வேண்டும். மகளிர் குழுக் கூட்டம், பீடிக் கடை வாசல், பள்ளிப் பெற்றோர் கூட்டம் எல்லாம் நல்ல இடங்கள். படம் முடிந்த கையோடு, எடுத்த பிள்ளைகளையே டார்ச்சும் தேங்காய் நாருமாகப் பக்கத்துத் தெருவுக்கு அனுப்பி, வீட்டுக்காரர்களை வைத்தே தொட்டிச் சுவரைத் தேய்க்கச் சொல்லுங்கள். அடுத்த வாரம் அதே கிழமை, அதே தெருவுக்கு மறுபடி அனுப்புங்கள்.