பாசிக்கு நடுவே ஸ்பூன் ஓட்டுவது எப்படி?

தஞ்சாவூர் வாய்க்காலில் மண்புழு கோத்துப் பழகியவர் என் மாமா. சிங்கப்பூருக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே எங்கிருந்தோ தோண்டிய புழுக்களோடு கிளம்பிவிட்டார். இங்குள்ள நீர்த்தேக்கங்களில் செயற்கை இரைக்கு மட்டும்தான் அனுமதி, அதுவும் மீன்பிடிக்க ஒதுக்கிய கரைகளில்தான் என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. அன்று அவர் கையில் நான் கொடுத்தது ஸ்பூன் என்ற உலோகச் செயற்கை இரை. அல்லியும் பாசியும் மண்டிய ஆழமற்ற ஓரத்தில் இன்றும் நான் முதலில் எடுப்பது அதைத்தான்.

பெயருக்கேற்றபடி அது காம்பில்லாத கரண்டிதான். படகில் இருந்தவர் கையிலிருந்து தவறி விழுந்த கரண்டியை மீன் கவ்வியது என்று ஒரு கதை உண்டு. 1852இல் இதற்குக் காப்புரிமை வாங்கிய ஜூலியோ பியூவல் என்ற அமெரிக்கரைச் சுற்றியே அதைச் சொல்வார்கள். நம்புவது உங்கள் விருப்பம்.

நாம் தேடுவது பீக்காக் பாஸ் என்ற மீன். பெயரில்தான் பாஸ், உண்மையில் திலாப்பியாவின் உறவு, தென் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தது. கண்ணால் பார்த்து வேட்டையாடும் பகல் மீன் என்பதால் வெயில் ஏறியபின் போனாலும் பழுதில்லை. அதே பாசியில் விரால் இனத்துத் தோமானும் இருக்கலாம். அதன் பல் கூர்மையானது, விரலை வாயருகே கொண்டுபோகாதீர்கள்.

முதல் வேலை, சரியான ஸ்பூனை வாங்குவது. மூன்று முள் தொங்கும் சாதாரண வகை பாசியை வாரிக்கொண்டுதான் வரும். ஒற்றை முள்ளும் அதன் நுனியை மறைக்கும் வளைந்த கம்பியும் உள்ளதைக் கேளுங்கள். 7 முதல் 14 கிராம் போதும். கம்பியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்: எளிதில் மடங்கவும் வேண்டும், விட்டதும் நிமிரவும் வேண்டும். சற்று விறைப்பான கோலும், 20 முதல் 30 பவுண்டு தாங்கும் பின்னல் நூலும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பூனுக்கு ஒரு முழம் முன்னால் சிறிய சுழல் வளையம் ஒன்றைக் கட்டாவிட்டால் அரை மணி நேரத்தில் நூல் முறுக்கேறிவிடும்.

அடுத்தது வீச்சு. மீன் இருக்கும் இடத்துக்கு நேர்மேலே போடாமல், அதைத் தாண்டி இரண்டு மூன்று மீட்டர் தள்ளிப் போடுங்கள். புதியவர்கள் எல்லாரும் தவறுவது இதற்கடுத்த நொடியில்தான். ஸ்பூன் உலோகம், நீங்கள் வீச்சின் அழகை ரசித்துக்கொண்டு நின்றால் அது பாசிக்குள் புதைந்துவிடும். அது நீரைத் தொடுமுன்பே நூல் சுற்றும் ரீலில், வீசும்போது திறந்துவைத்த கம்பி வளையத்தைக் கையால் மூடிவிடுங்கள், தொட்டதும் சுற்றத் தொடங்குங்கள். கோலின் நுனி உயர்ந்திருந்தால் ஸ்பூன் பாசிக்கு மேலே ஓடும். அது இடம் வலமாக ஆட வேண்டும், பம்பரமாகச் சுழலக்கூடாது. சுழன்றால் வேகம் அதிகம் என்று பொருள்.

இலைகளுக்கு நடுவே சட்டென ஒரு வெற்றிடம் வரும். அங்கே சுற்றுவதை நிறுத்தி, நுனியைச் சற்றுத் தாழ்த்துங்கள். அடிபட்ட குஞ்சு மீனைப் போல ஸ்பூன் மினுங்கிக்கொண்டே இறங்கும். அந்த இறக்கத்தில்தான் மீன் பெரும்பாலும் பாய்ந்து கவ்வுகிறது. நூலை முழுக்கத் தளரவிட்டால் அது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

நீர் தெறித்ததும் இழுக்காதீர்கள்! மாமா அன்று அப்படி இழுத்தே மூன்று மீனை விட்டார். கையில் கனம் தெரிந்த பிறகு ஒரே மூச்சில் பலமாக இழுங்கள்; மறைப்புக் கம்பி மடங்கி முள் ஏற அந்தப் பலம் வேண்டும். பிறகு நூல் தளராமல், மீனின் தலை பாசிக்குள் புகாமல் விரைந்து கொண்டுவாருங்கள்.

இரண்டு மூன்று வீச்சுக்கு ஒருமுறை முள்ளில் சிக்கிய பாசியை எடுத்துவிடுங்கள். ஒரு இழை தொங்கினாலும் ஆட்டம் கெட்டுவிடும். இடி கேட்டால் உடனே கரையை விட்டு வெளியேறுங்கள். கார்பன் கோல் மின்சாரம் கடத்தும். பிடித்த மீனை வாளியில் எடுத்துப்போய் வேறொரு நீர்த்தேக்கத்தில் விடும் ஆசை மட்டும் வேண்டாம், அது குற்றம்.