75 நிமிட டிரான்சிட்டை நம்பி டிக்கெட் எடுக்கலாமா?

டிக்கெட்டில் "டிரான்சிட் 1 மணி 15 நிமிடம்" என்று போட்டிருந்தால், கையில் 75 நிமிடம் இருக்கிறது என்றுதான் தோன்றும். உண்மையில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது.

அட்டவணையில் இருக்கும் "வந்து சேரும் நேரம்" விமானம் நிறுத்துமிடத்தில் வந்து நிற்கும் நேரம். நீங்கள் வெளியே கால் வைக்கும் நேரமல்ல. "புறப்படும் நேரம்" என்பதும் விமானம் கேட்டை விட்டு நகரத் தொடங்கும் நேரம்தான். சர்வதேச விமானம் என்றால் அதற்கு 15, 20 நிமிடம் முன்பே கேட்டை மூடிவிடுவார்கள். விமானம் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தாலும் மூடிய கதவு உங்களுக்காகத் திறக்காது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முதல் விமானம் 10:40க்கு வருகிறது, அடுத்தது 11:55க்குக் கிளம்புகிறது. இரண்டும் சரியான நேரத்துக்கே ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். 10:46க்குக் கதவு திறக்கிறது. உங்கள் இருக்கை 38வது வரிசையில். முன்னால் இருப்பவர்கள் பைகளை இறக்கி நகர்ந்து, நீங்கள் வெளியே வரும்போது 11:00. விமானத்திலிருந்து நேரே டெர்மினலுக்குள் நடந்து போகும் ஏரோபிரிட்ஜ் கிடைக்காமல் விமானத்தைத் தூரத்தில் நிறுத்திவிட்டார்கள். பஸ் நிரம்பி, கிளம்பி, டெர்மினல் வாசலில் இறக்கிவிட 11:12. டிரான்சிட் செக்யூரிட்டி வரிசையில் 12 நிமிடம், மணி 11:24. கேட் வரை 10 நிமிட நடை, மணி 11:34. கேட் மூடுவது 11:35. பாஸ்போர்ட் சோதனை இந்தக் கணக்கில் இன்னும் வரவே இல்லை.

உங்கள் பயணத்துக்கும் இப்படியே கழித்துப் பாருங்கள். மொத்த நேரத்திலிருந்து கேட் மூடுவதற்கு 20, இறங்குவதற்கு முன்வரிசை என்றால் 10, பின்வரிசை என்றால் 20, பஸ் என்றால் இன்னும் 12. செக்யூரிட்டி, பாஸ்போர்ட், நடை மூன்றையும் கழித்த பிறகும் அரை மணி நேரமாவது மிஞ்ச வேண்டும். அந்த அரை மணி நேரம் முதல் விமானத்தின் தாமதத்துக்கு. அதுகூட மிஞ்சாத கனெக்‌ஷன் அதிர்ஷ்டத்தை நம்பி ஓடுகிற கனெக்‌ஷன்.

"அவர்களே விற்கிறார்கள் என்றால் சரியாகத்தானே இருக்கும்?"

பாதி சரி. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்சக் கனெக்‌ஷன் நேரம் என்று ஒன்று உண்டு. துறையில் எம்சிடி என்பார்கள். உள்நாட்டிலிருந்து உள்நாடு, உள்நாட்டிலிருந்து வெளிநாடு, வெளிநாட்டிலிருந்து உள்நாடு, வெளிநாட்டிலிருந்து வெளிநாடு என்று நான்கு வகைக்கும் தனித்தனி எண். அதற்கு மேல் டெர்மினலுக்கு ஏற்ப, விமான நிறுவனத்துக்கு ஏற்ப விதிவிலக்குகள். அதற்குக் குறைவான இணைப்பை முன்பதிவு அமைப்பு ஒரே டிக்கெட்டாகத் தராது. வியன்னாவில் 25 நிமிடத்தில்கூட இணைப்பு விற்கிறார்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் 45 நிமிடம். எல்லாம் ஒழுங்காக நடந்தால் முடியும் என்பதுதான் எம்சிடியின் பொருள். நிதானமாகப் போகலாம் என்பதல்ல. முதல் விமானம் 20 நிமிடம் தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்கு அதில் பதில் கிடையாது.

முதலில் பார்க்க வேண்டியது நேரமே அல்ல, டிக்கெட் எண்

இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், முதலாவது தாமதமாகி இரண்டாவதைத் தவறவிடும்போது அடுத்த விமானத்தில் இடம் தருவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது நிறுவனத்தின் பார்வையில் நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். புது டிக்கெட் உங்கள் காசில். அந்த டிக்கெட்டிலேயே திரும்பி வரும் பயணமும் இருந்தால் அதையும் சேர்த்து ரத்து செய்துவிடுவார்கள். பலர் திரும்பும் நாளில்தான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

ஒரே டிக்கெட்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிஎன்ஆரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து இயக்கும் பயணத்தில் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு பிஎன்ஆர் இருக்கலாம். ஒரே தளத்தில் ஒரே தடவை பணம் கட்டியும் இரண்டு டிக்கெட் வந்திருக்கலாம். 13 இலக்க இ-டிக்கெட் எண்ணைப் பாருங்கள். எல்லா விமானத்துக்கும் ஒரே எண் இருந்தால் ஒரே டிக்கெட். ஓர் எண்ணுக்குள் நான்கு விமானம்தான் அடங்கும்; ஐந்தாவதுக்கு அடுத்த எண் தொடர்ச்சியாக வரும், அதில் தவறில்லை. முதல் மூன்று இலக்கமே வேறாக இருந்தால் அவை தனித்தனி டிக்கெட்டுகள். முன்பதிவுத் தளத்தில் "செல்ஃப் டிரான்ஸ்ஃபர்" என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தாலும் அதே அர்த்தம்தான். அந்தத் தளம் தரும் "கனெக்‌ஷன் உத்தரவாதம்" தளத்தினுடையது. விமான நிறுவனத்தின் கவுண்டரில் அது செல்லாது.

தனித்தனி டிக்கெட்டில் பெட்டியும் இருந்தால் கணக்கு அடியோடு மாறும். பெல்ட்டில் பெட்டி வர 20 முதல் 45 நிமிடம். சர்வதேச விமானத்தின் செக்-இன் கவுண்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். ஆக, ஓடிப் பிடிக்க வேண்டிய வாசல் கேட் அல்ல, கவுண்டர். பெட்டியை எடுக்க இமிக்ரேஷன் தாண்டி வெளியே போக வேண்டும். அந்த நாட்டுக்குள் நுழைய விசா இல்லையென்றால் திட்டமே விழுந்தது.

இடத்தைப் பொறுத்தும் நிறைய மாறும்

அமெரிக்காவுக்குள் எந்த ஊரில் முதலில் இறங்குகிறீர்களோ அங்கேயே இமிக்ரேஷன். நீங்கள் வேறு நாட்டுக்குப் போகும் வழியில் வெறுமனே விமானம் மாறுகிறவராக இருந்தாலும் சரி, தப்ப முடியாது. விசாவோ, விசா தேவைப்படாத நாட்டவர் இணையத்தில் முன்கூட்டியே வாங்கும் எஸ்டா அனுமதியோ வேண்டும். பெட்டியின் சீட்டில் கடைசி ஊரின் பெயரே இருந்தாலும் பெரும்பாலும் அங்கே எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி பெல்ட்டில் போட்டு, செக்யூரிட்டிக்கு மறுபடி நிற்க வேண்டும். இதற்கு இரண்டு மணி நேரம் குறைவு. மூன்று இருந்தால் நிம்மதி. டப்ளின், ஷானன், அபுதாபி, கனடாவின் பெரிய விமான நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து கிளம்பி அமெரிக்கா போகும் விமானங்கள் பலவற்றுக்கு அந்தச் சோதனை கிளம்பும் இடத்திலேயே முடிந்துவிடும். அப்போது நேரத்தை அங்கே ஒதுக்க வேண்டும்.

தங்களுக்குள் பாஸ்போர்ட் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் பகுதியிலும் முதலில் இறங்கும் நகரத்தில்தான் பாஸ்போர்ட் பார்க்கும் வேலை. ஃபிராங்க்ஃபர்ட் வழியாக ரோம் போகிறவருக்கு இமிக்ரேஷன் ஃபிராங்க்ஃபர்ட்டில். 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தையோ ஷெங்கன் நாடுகளையோ சேராத பயணிகளின் கைரேகையையும் முகப்படத்தையும் பதிவு செய்யும் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. முதல் தடவை பதிவு செய்பவருக்கு வரிசை மெதுவாகத்தான் நகரும். ஷெங்கனுக்கு வெளியிலிருந்து வந்து வெளியே போகிறவர் இந்த வரிசைக்கே போக வேண்டியதில்லை. அதே விமான நிலையம், அதே 75 நிமிடம், ஒருவருக்குப் போதும், இன்னொருவருக்குப் போதாது. "நான் அங்கே ஒரு மணி நேரத்தில் மாறினேன்" என்று யாராவது சொன்னால், எங்கிருந்து எங்கே என்று கேளுங்கள்.

செக்யூரிட்டி எங்கே நடக்கிறது என்பதும் ஊருக்கு ஊர் வேறு. சிங்கப்பூரின் முதல் மூன்று டெர்மினல்களில் அது கேட் வாசலிலேயே. அங்கே கேட்டுக்கு வந்து சேர்ந்தும் வேலை முடியாது.

விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். லண்டனில் ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏறுவது, டோக்கியோவில் நரிட்டாவில் இறங்கி ஹனேடாவில் ஏறுவது, பாரிஸில் சார்ல் து கோலும் ஓர்லியும், இஸ்தான்புல்லில் புதிய நிலையமும் சபிஹா கோக்செனும்: தேடல் முடிவில் ஒரே நகரப் பெயராகத் தெரியும் இவை வேறு வேறு விமான நிலையங்கள். ஐந்து மணி நேரம்கூட இதற்கு அதிகமில்லை. கோலாலம்பூரில் நிலையத்தின் பெயர் ஒன்றுதான். ஆனால் டெர்மினல் 1, 2 இடையே ரயிலிலோ பஸ்ஸிலோ போக வேண்டும்.

தவறினால் என்ன ஆகும்?

நேரத்தை மட்டும் பார்ப்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். 50 நிமிட கனெக்‌ஷனைத் தவறவிட்டு, இரண்டு மணி நேரத்தில் அடுத்த விமானம் இருந்தால் இழப்பு ஒரு காபியும் கொஞ்சம் எரிச்சலும். அந்த இணைப்பை எடுக்கலாம். அதே 50 நிமிடம், இரண்டாவது விமானம் அன்றைய கடைசி என்றால் ஓர் இரவு போகிறது. வாரம் மூன்று நாள்தான் அந்த விமானம் என்றால் இரண்டு மூன்று நாள். அங்கே 90 நிமிடம்கூட எங்கள் கணக்கில் குறைவு. கப்பல் பயணம், திருமணம், நேர்காணல் என்று மறுமுனையில் காத்திருப்பது நகராத ஒன்று என்றால், முந்தைய நாளே போய்ச் சேரும் டிக்கெட்டைப் பாருங்கள்.

அடுத்த விமானம் எப்போது என்று தெரிந்துகொள்ள, அந்த இரண்டாவது துண்டை மட்டும் அதே தேதிக்குத் தேடினால் போதும். முதல் விமானம் எவ்வளவு ஒழுங்கு என்று தெரிய ஃப்ளைட்ரேடார்24 போன்ற தளத்தில் விமான எண்ணைப் போடுங்கள். கடந்த நாட்களின் உண்மையான வருகை நேரம் வரிசையாக வரும். ஏழு நாளில் இரண்டு நாள் 40 நிமிடத்துக்கு மேல் தாமதம் என்றால் அந்த 75 நிமிடத்தை விடுங்கள். காலையின் முதல் விமானம் பொதுவாக நம்பகமானது. மாலை விமானங்கள் அன்று காலையிலிருந்து சேர்ந்த தாமதத்தையெல்லாம் சுமந்துகொண்டு வரும்.

கைக்கணக்காக எங்கள் எண்கள் இவை, எல்லாம் ஒரே டிக்கெட்டுக்கு: உள்நாட்டிலிருந்து உள்நாடு, அதே டெர்மினல், 60 நிமிடம். வெளிநாட்டிலிருந்து வெளிநாடு, அதே டெர்மினல், 90. டெர்மினல் மாறினால் 45 கூட்டுங்கள். இமிக்ரேஷன் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல். அன்றைய கடைசி விமானம் என்றால் எதோடும் இன்னொரு மணி நேரம். குழந்தைகள், சக்கர நாற்காலி உதவி, நடக்கச் சிரமப்படும் பெரியவர்கள் இருந்தால் அரை மணி நேரம் கூடுதல். சக்கர நாற்காலிப் பயணிகளைப் பெரும்பாலும் கடைசியாகத்தான் இறக்குவார்கள். தனித்தனி டிக்கெட்டுக்கு ஐந்து மணி நேரம், அல்லது ஓர் இரவு.

தேடல் முடிவில் முதலில் தெரியும் இறுக்கமான இணைப்பைத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. "மல்டி-சிட்டி" என்ற இடத்தில் இரண்டு துண்டையும் தனித்தனியே கொடுத்து, இரண்டாவதுக்கு அடுத்த விமானத்தைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பல சமயம் அதே கட்டணத்தில், அதே ஒற்றை டிக்கெட்டில் கிடைத்துவிடும்.

வாங்கியாகிவிட்டது என்றால்

மாதம் ஒரு தடவை முன்பதிவைத் திறந்து பாருங்கள். நிறுவனங்கள் நேரத்தைச் சத்தமில்லாமல் மாற்றும். 95 நிமிடம் 60 ஆகியிருக்கலாம். நேரத்தை மாற்றியது அவர்கள் என்பதால், வேறு விமானத்துக்குக் காசில்லாமல் மாற்றித் தரச் சொல்லிக் கேட்க அதுதான் தருணம். கிளம்பும் நாளில் கேட்டால் மறுக்கக்கூடும்.

முதல் விமானத்தில் முன்வரிசை இருக்கைக்குக் கொஞ்சம் காசு கொடுப்பது இந்த ஒரு பயணத்தில் வீண்செலவல்ல; 10 நிமிடம் மிச்சம். முடிந்தால் கைப்பை மட்டும். பெட்டி போடுவதானால், கவுண்டரில் சீட்டு ஒட்டும்போதே அதில் பெரிய எழுத்தில் இருக்கும் குறியீடு கடைசி ஊருடையதா என்று பாருங்கள். வழியில் வாங்கிய 100 மில்லிக்கு மேற்பட்ட திரவம் முத்திரையிட்ட பையில் ரசீதோடு இருக்கட்டும். இல்லையென்றால் டிரான்சிட் செக்யூரிட்டியில் அதுவும் போகும், ஐந்து நிமிடமும் போகும்.

வானத்திலேயே தாமதம் தெரிந்தால் இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு பணியாளர்களிடம் சொல்லுங்கள். காலியான முன் இருக்கைக்கு மாற்றலாம், அல்லது கனெக்‌ஷன் உள்ளவர்களை முதலில் விடச் சொல்லி அறிவிக்கலாம். இறங்கியதும் நிறுவனத்தின் ஆப்பைத் திறந்து பாருங்கள்; பல நிறுவனங்கள் நீங்கள் பிடிக்க முடியாது என்று கணித்து முன்பே மாற்றிவிட்டிருக்கும். மாற்றிய பிறகு பழைய கேட்டுக்கு ஓடிப் பயனில்லை. மாற்றவில்லையென்றால் ஓடுங்கள்; செக்யூரிட்டி வரிசையின் முனையில் நிற்கும் ஊழியரிடம் போர்டிங் பாஸைக் காட்டிக் கேளுங்கள். பல இடங்களில் குறுகிய கனெக்‌ஷனுக்குத் தனி வரிசை உண்டு, கேட்காதவருக்குத் தெரியாது.

தவறியேவிட்டால், டிரான்சிட் கவுண்டர் வரிசையில் நின்றபடியே நிறுவனத்தின் எண்ணுக்கும் போன் போடுங்கள். எது முதலில் கிடைக்கிறதோ அது. அடுத்த விமான எண்ணைத் தேடி வைத்துக்கொண்டு, "இதில் போட முடியுமா" என்று நேராகக் கேட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பிய பயணத்திலோ, ஒன்றியத்து நிறுவனத்தில் அங்கே போகும் பயணத்திலோ, ஒரே முன்பதிவில் கடைசி ஊருக்கு மூன்று மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் தூரத்துக்கேற்ப 250, 400, 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம். புயல் போல நிறுவனத்தின் கையில் இல்லாத காரணத்துக்கு அது கிடைக்காது. உணவும் தங்குமிடமும் அப்போதும் அவர்கள் பொறுப்பு. போர்டிங் பாஸ் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள்.

நீங்கள் ஓடிப் பிடித்து, பெட்டி பிடிக்காமல் போவதும் உண்டு. குறுகிய கனெக்‌ஷனில் இது சகஜம். கடைசி ஊரின் பெல்ட் நின்றதும் வெளியே போய்விடாதீர்கள். உள்ளேயே இருக்கும் லக்கேஜ் கவுண்டரில் புகார்ப் படிவம் எழுதி, அதன் எண்ணை வாங்கிக்கொண்ட பிறகே சுங்கம் தாண்டுங்கள். பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் செலவுகளை எழுத்தில் கேட்க வேண்டும். மாற்றுத்துணி, பல்துலக்கி வாங்கிய ரசீதுகளை அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.